லினக்ஸ் சர்வரில் டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர்: அமைப்பதும் பழுது பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், சூலூர், பல்லடம் பக்கத்து நூல் மில்களிலும், ஈரோடு, கரூர், நாமக்கல் அலுவலகங்களிலும் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பில்லிங் மென்பொருளும் அவருடையதே, கேமராவும் அவருடையதே, பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ள வேண்டும்.

கன்ட்ரோலர் டிரைவர் என்பது உண்மையில் என்ன வேலை செய்கிறது?

ஹார்ட் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு சிப் இருக்கிறது. அது மதர்போர்டிலேயே பதிந்த சாட்டா சிப்பாகவும் இருக்கலாம், தனியாகச் செருகிய ரெய்ட் கார்டாகவும் இருக்கலாம். லினக்ஸின் மையநிரலைக் கெர்னல் என்பார்கள்; அதில் அந்தச் சிப்போடு பேசத் தெரிந்த பகுதிதான் டிரைவர். ரெய்ட் கார்டின் உள்ளே ஃபர்ம்வேர் என்ற இன்னொரு மென்பொருளும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்ட் தொகுதி ஆக்குவது, பழுதான டிஸ்க்கை விலக்குவது, கேஷில் (கார்டின் தற்காலிக நினைவகத்தில்) எழுதுவது ஆகிய எல்லாம் ஃபர்ம்வேரின் வேலை. டிரைவர் கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்து விடையை வாங்கி வருகிறது, அவ்வளவே.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்வது மிகவும் முக்கியம். ஏனென்றால் "டிரைவர் கோளாறு" என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை கடைசியில் கேபிள், சூடு, பேட்டரி, அல்லது பூட் ஆகும்போது முதலில் விரியும் கோப்புத் தொகுப்பில் டிரைவர் சேராமல் போனது என்றுதான் முடிந்தன. ஆகவே டிரைவரைக் கழற்றி மாட்டுவதற்கு முன், கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே முதல் அரைமணி நேரத்தைச் செலவிடுங்கள்.

என் சர்வரில் எந்தக் கன்ட்ரோலர், எந்த டிரைவர் என்று எப்படி அறிவது?

"எல்எஸ்பிசிஐ -என்என்கே" என்று கொடுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் கீழே இரண்டு வரிகள் வரும். "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்பது இப்போது கார்டைக் கையில் வைத்திருக்கும் டிரைவர். "கெர்னல் மாட்யூல்ஸ்" என்பது அந்தக் கார்டுக்குப் பொருந்தக்கூடிய டிரைவர். இரண்டாவது இருந்து முதலாவது இல்லை என்றால், டிரைவர் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை அல்லது ஏறித் தோற்றுவிட்டது. இரண்டுமே இல்லை என்றால், இந்தக் கெர்னலுக்கு அந்தக் கார்டைத் தெரியாது. இந்த ஒரு வேறுபாடு பாதி வழியைக் காட்டிவிடும்.

கார்டின் பெயரைவிட, சதுர அடைப்புக்குள் வரும் எண் இணைதான் நம்பத்தக்கது. ஒரே சிப்பைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். 1000 என்று தொடங்கினால் அது எல்எஸ்ஐ வழி வந்த சிப். 2014-இல் எல்எஸ்ஐ கம்பெனியை அவாகோ வாங்கியது. பின்னர் 2016-இல் பிராட்காம் கம்பெனியையும் வாங்கி அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. ஆகவே அட்டையில் எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும் எண் 1000 என்றே நிற்கும். எடுத்துக்காட்டாக 1000:0072 என்பது எஸ்ஏஎஸ்2008 சிப், 1000:0097 என்பது எஸ்ஏஎஸ்3008 சிப்.

நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் டிரைவர்கள் சிலவே. டெல் பெர்க் கார்டுகளுக்கும் மெகாரெய்ட் கார்டுகளுக்கும் மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ், ரெய்ட் செய்யாமல் டிஸ்க்கை அப்படியே கொடுக்கும் எல்எஸ்ஐ எச்பிஏ கார்டுகளுக்கு எம்பிடி3எஸ்ஏஎஸ், எச்பி ஸ்மார்ட் அர்ரே கார்டுகளில் பழையவற்றுக்கு எச்பிஎஸ்ஏ, புதியவற்றுக்கு ஸ்மார்ட்பிக்யூஐ, அடாப்டெக் கார்டுகளுக்கு ஏஏசிரெய்ட், சாதாரண சாட்டாவுக்கு ஏஎச்சிஐ. பழைய குறிப்புகளில் எம்பிடி2எஸ்ஏஎஸ் என்று பார்த்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கெர்னல் 4.4 முதல் அது எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவருக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

சென்ட்ஓஎஸ் 7-இல் நன்றாக ஓடிய சர்வரில் ராக்கி 9 போட முயன்றால், நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை. கார்டு போய்விட்டதா?

போகவில்லை. 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு முடிந்தபின் இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதமே இல்லை. "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்களே, இன்னைக்கு டிஸ்க்கே இல்லைங்குதே" என்று அழைப்பு வரும்.

நடந்தது இதுதான். சென்ட்ஓஎஸ், ராக்கி, அல்மாலினக்ஸ் மூன்றும் ரெட் ஹேட் லினக்ஸை அடியொற்றியவை. அந்த ரெட் ஹேட் 8-ஆம் பதிப்பிலேயே பழைய கார்டுகள் பலவற்றின் எண்களை டிரைவரின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். டிரைவர் கோப்பு இருக்கிறது, அதே பெயரில் இருக்கிறது, கையால் ஏற்றினாலும் பிழை சொல்லாமல் ஏறுகிறது. ஆனால் உங்கள் கார்டின் எண் அதன் பட்டியலில் இல்லாததால் கார்டைத் தொடுவதில்லை. மேலே சொன்ன 1000:0072 அப்படி நீக்கப்பட்டவற்றில் ஒன்று. பெர்க் 5 தலைமுறைக் கார்டும் அப்படியே. "மாட்இன்ஃபோ எம்பிடி3எஸ்ஏஎஸ்" என்று கொடுத்து வரும் ஏலியஸ் வரிகளில் உங்கள் எண் இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எல்ரெப்போ திட்டம் வெளியிடும் டிரைவர் டிஸ்க் படத்தை ஒரு யுஎஸ்பியில் எழுதி, நிறுவும்போது பூட் வரியில் "இன்ஸ்ட்.டிடி" என்று சேர்த்துக் காட்டுவது. யுஎஸ்பியின் லேபிளை ஓஇஎம்டிஆர்வி என்று (இதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்) வைத்தால் நிறுவி தானாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்துவது. அப்படி நீக்கப்பட்ட கார்டுகள் பலவற்றுக்கான ஆதரவை அவர்கள் 9.4-இல் திரும்பச் சேர்த்தார்கள். மூன்றாவது, டெபியன் அல்லது உபுண்டுவுக்கு மாறுவது. அவற்றின் கெர்னலில் இந்த எண்கள் நீக்கப்படவில்லை.

என் கருத்து: வேறு காரணம் இல்லாவிட்டால் இரண்டாவது வழியே நிம்மதி. முதல் வழியில் நிறுவிவிடலாம். ஆனால் 9.3-இலிருந்து 9.4-க்கு ஏறுவதுபோன்ற ஒவ்வொரு மேம்பாட்டின்போதும் புதிய கெர்னலுக்கு அந்த டிரைவர் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும். அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க ஆள் உள்ள இடத்தில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

கெர்னல் அப்டேட் செய்து மறுதொடக்கம் செய்தேன். "யுயுஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று சொல்லி ஒரு சின்ன ஷெல்லில் நின்றுவிட்டது. என்ன செய்வது?

பதற வேண்டாம். தரவு அப்படியே இருக்கிறது. யுயுஐடி என்பது டிஸ்க் பகுதியின் அடையாள எண், அந்தப் பகுதி கெர்னலின் கண்ணில் படவில்லை என்பதே செய்தி. பூட் ஆகும்போது கெர்னல் முதலில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய கோப்புத் தொகுப்பை நினைவகத்தில் விரித்து, அதிலுள்ள டிரைவரைக்கொண்டு டிஸ்க்கைத் திறக்கிறது. அந்தத் தொகுப்பில் உங்கள் டிரைவர் இல்லையென்றால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். டிரைவர் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், டிஸ்க்கைத் திறக்க டிரைவர் வேண்டியிருக்கும்.

உபுண்டு, டெபியனில் அந்த ஷெல்லிலேயே "கேட் /ப்ராக்/பார்டிஷன்ஸ்" என்று பாருங்கள். டிஸ்க் எதுவும் வரவில்லை என்றால் "மாட்புரோப் மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ்" என்று உங்கள் டிரைவரை ஏற்றிப் பாருங்கள். ஏறி, சில வினாடிகளில் டிஸ்க் தெரிந்தால் "எக்ஸிட்" கொடுத்தால் போதும், பூட் தொடரும். மாட்யூல் இல்லை என்று வந்தால், மறுதொடக்கம் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பழைய கெர்னலை யாரும் அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

உள்ளே வந்ததும் முதலில் "டிஎஃப் -எச் /பூட்" பாருங்கள். /பூட் நிரம்பியிருந்து, புதிய இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுபோனதுதான் பல இடங்களில் காரணம். அப்டேட் ஓடியபோது "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று ஒரு வரி வந்திருக்கும், ஓடுகிற எழுத்துகளுக்கு நடுவே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது ஓடும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கி இடம் செய்தபின், உபுண்டுவில் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் டிரைவரின் பெயரை ஒரு வரியாக எழுதி "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்" கொடுங்கள். ராக்கி, அல்மா, ஃபெடோராவில் /ஈடிசி/டிராகட்.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பு தொடங்கி, ஆட்_டிரைவர்ஸ்+= என்று எழுதி, மேற்கோளுக்குள் டிரைவர் பெயரை இருபுறமும் ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள். அந்த இடைவெளி அலங்காரத்துக்கு அல்ல. அது இல்லாவிட்டால் அடுத்த கோப்பில் உள்ள பெயரோடு ஒட்டிக்கொண்டு இரண்டுமே செல்லாமல் போகும். பிறகு "டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல்".

மறுதொடக்கம் செய்வதற்கு முன் "எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்" அல்லது "எல்எஸ்இனிட்ஆர்டி" கொடுத்து, டிரைவர் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பழைய சர்வரின் டிஸ்க்கை அப்படியே கழற்றி வேறு மாடல் சர்வரில் போட்டால் பூட் ஆகவில்லை, ஏன்?

இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பை உருவாக்கும் டிராகட் தன் இயல்பில், அப்போது ஓடும் இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் சேர்க்கும். இடம் மாற்றுவதற்கு முன் பழைய சர்வரிலேயே "டிராகட் -எஃப் --நோ-ஹோஸ்ட்ஒன்லி" ஓட்டிவிட்டால் எல்லா டிரைவர்களும் சேர்ந்துவிடும். மறந்துவிட்டால் கிரப் பட்டியலின் கடைசியில் உள்ள ரெஸ்க்யூ வரியில் பூட் செய்யுங்கள், அதில் அவை உண்டு. நேரடி சர்வரை விர்ச்சுவல் மெஷினாக மாற்றும்போதும் இதே சிக்கல்தான் வரும், அங்கே தேவைப்படும் பெயர்கள் வெர்ட்டியோ_பிளாக், வெர்ட்டியோ_ஸ்கசி.

டிரைவரின் அமைப்புகளை எங்கே எழுத வேண்டும்? எதை மாற்றலாம்?

/ஈடிசி/மாட்புரோப்.டி அடைவில் "ஆப்ஷன்ஸ்" என்று தொடங்கி, டிரைவர் பெயர், அமைப்பு, மதிப்பு என்ற வரிசையில் எழுத வேண்டும். எழுதியபின் இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பைத் திரும்ப உருவாக்க வேண்டும். பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது அதற்குள் உள்ள படிதான். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு "மாற்றினேன், பயனில்லை" என்று வருத்தப்படுபவர்கள் ஏராளம். நடப்பில் உள்ள மதிப்பை /சிஸ்/மாட்யூல் அடைவில் டிரைவர் பெயரின் கீழே உள்ள பாராமீட்டர்ஸ் அடைவில் படித்து உறுதி செய்யலாம்.

எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு என் விடை, காரணம் இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதே. வலைத்தளங்களில் கண்ட பத்து அமைப்புகளை ஒரே கோப்பில் ஒட்டி வைத்திருக்கும் சர்வரைப் பழுது பார்ப்பது மிகவும் கடினம். கோளாறு தேடும்போது எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவரின் லாகிங்_லெவல் உதவும். பழைய மதர்போர்டில் இன்டரப்ட் சிக்கல் என்று ஐயம் இருந்தால் எம்எஸ்ஐஎக்ஸ்_டிசேபிள் போட்டு ஒருமுறை சோதிக்கலாம். சோதித்தபின் எடுத்துவிடுங்கள்.

கம்பெனித் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நானே கம்பைல் செய்யட்டுமா?

கெர்னலோடு வரும் டிரைவர் கார்டைக் கண்டுகொள்கிறது என்றால் வேண்டாம். வெளியிலிருந்து போட்டால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் அதைத் தானாகச் செய்யும், ஆனால் கெர்னல் ஹெடர் தொகுப்பு இல்லாவிட்டால் கட்டாமல் விட்டுவிடும், அடுத்த பூட்டில்தான் தெரியவரும். செக்யூர் பூட் இயங்கும் சர்வரில் கையொப்பம் இல்லாத மாட்யூல் "ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்" என்று சொல்லி நின்றுவிடும். அப்போது செக்யூர் பூட்டை அணைப்பதைவிட, "எம்ஓகேயூடில் --இம்போர்ட்" மூலம் உங்கள் சாவியைப் பதிவதே முறை. மறுதொடக்கத்தின்போது நீலத் திரையில் அதை உறுதி செய்ய வேண்டும். ஆகவே தொலைவிலிருந்து செய்யும்போது சர்வர் அருகே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

லாக்கில் சிவப்பாக நிறைய வருகிறது. எதை எப்படிப் படிப்பது?

"ஜர்னல்சிடிஎல் -கே -பி" என்பது இப்போதைய பூட்டின் கெர்னல் லாக், இறுதியில் -1 சேர்த்தால் முந்தைய பூட்டினுடையது. எப்போதும் முதல் பிழை வரியைத் தேடுங்கள். அதற்குப் பின் வரும் இருநூறு வரிகள் பெரும்பாலும் அதன் விளைவுகளே. "ரிமவுண்டிங் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி" என்ற வரியைப் பார்த்ததும் கோப்பமைப்புதான் கெட்டது என்று, அதைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். அதற்கு மேலே போய்ப் பாருங்கள், டிஸ்க் விடைகொடுக்காமல் போனது எப்போது என்று அங்கே இருக்கும். சாகும் நிலையிலுள்ள டிஸ்க்கின்மீது எஃப்எஸ்சிகே ஓட்டி, மீட்கக்கூடிய தரவையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாட்டா டிஸ்க்குகளில் "ஃபெயில்டு கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்" என்றும் அடுத்து "ஹார்டு ரீசெட்டிங் லிங்க்" என்றும் வரும். லிங்க் 6.0 ஜிபிபிஎஸ் வேகத்திலிருந்து 3.0-க்கும் 1.5-க்கும் இறங்கினால் கேபிளையோ பேக்பிளேனையோ (டிஸ்க்குகளைச் செருகும் பலகை) சந்தேகியுங்கள். டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அளவீட்டில் 199-ஆவது எண், அதாவது சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அது கேபிள்தான். 5, 197, 198 ஆகிய எண்கள் ஏறினால் அது டிஸ்க்கின் பரப்பு. கேபிளை மாற்றியபின் 199 சுழியத்துக்குத் திரும்பாது, மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

மெகாரெய்ட் கார்டில் "எஃப்டபிள்யூ இன் ஃபால்ட் ஸ்டேட்" என்று வந்தால் கார்டின் ஃபர்ம்வேரே மயங்கிவிட்டது என்று பொருள். டிரைவர் அதை எழுப்ப முயல்கிறது, குற்றவாளி டிரைவர் அல்ல. எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவரில் "அட்டம்ப்டிங் டாஸ்க் அபார்ட்" ஒரே டிஸ்க்குக்கு மட்டும் வந்தால் அந்த டிஸ்க்கு, எல்லா டிஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் வந்தால் கார்டு, கேபிள், அல்லது பவர் சப்ளை.

டிஸ்க்கே போய்விட்டால் லாக்கை எங்கே எழுதும் என்று சிலர் கேட்பார்கள், சரியான கேள்வி. ஆர்சிஸ்லாக் மூலம் வேறொரு கணினிக்கும் லாக் போகும்படி அமைத்து வையுங்கள். அது இல்லாதபோது திரையைக் கைபேசியில் படம் பிடித்த பிறகே பவர் பொத்தானைத் தொடுங்கள்.

டிஸ்க் நல்லதாகவே இருக்கிறது, ஆனாலும் அவ்வப்போது ரெய்ட் தொகுதியிலிருந்து வெளியேறிவிடுகிறது. ஏன்?

இது மென்பொருள் ரெய்ட், அதாவது எம்டிஎட்எம் பயன்படுத்தும் இடங்களில் மிகுதி. விலை கருதி டெஸ்க்டாப் டிஸ்க் போட்டிருப்பார்கள். அந்த வகை டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் தனக்குள்ளேயே ஒன்றிரண்டு நிமிடங்கள்கூட முயன்றுகொண்டிருக்கும். கெர்னலோ ஒரு கட்டளைக்கு 30 வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் விடை வராவிட்டால் லிங்க்கை ரீசெட் செய்யும், ரீசெட்டுக்கும் டிஸ்க் பதில் தராவிட்டால் அதை இறந்ததாகக் கருதித் தொகுதியிலிருந்து தள்ளிவிடும். ஒரு செக்டர் பழுதுக்கு ஒரு முழு டிஸ்க் போய்விடுகிறது. திரும்பக் கட்டும்போது இன்னொரு டிஸ்க்கிலும் அதேபோல ஒரு செக்டர் இருந்தால் தொகுதியே போய்விடும்.

"ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி /டெவ்/எஸ்டிஏ" என்று கேளுங்கள். டிஸ்க் அந்த வசதியை ஏற்றுக்கொண்டால் எஸ்சிடிஇஆர்சி,70,70 என்று கொடுத்து 7 வினாடியில் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்யலாம். ஏற்காவிட்டால் /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதி, கெர்னலின் பொறுமையைக் கூட்ட வேண்டும். இரண்டுமே பவர் போனால் மறந்துபோகும், ஆகவே டிஸ்க் தெரியும்போது தானாக இயங்கும் யுடெவ் விதியாகவோ பூட்டில் ஓடும் சிறு ஸ்கிரிப்டாகவோ வையுங்கள். வன்பொருள் ரெய்ட் கார்டில் இதைத் தொட வேண்டியதில்லை. மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ் தானே 90 வினாடி காத்திருக்கும், தனித்தனி டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்வது ஃபர்ம்வேர். ஆனால் அந்தக் கார்டுகளிலும் டெஸ்க்டாப் டிஸ்க் போடாதீர்கள், ஃபர்ம்வேர் கெர்னலைவிடப் பொறுமை குறைந்தது.

சில நாட்களில் மட்டும் சர்வர் ஆமைபோல் நகர்கிறது. டிரைவரை மாற்றினால் சரியாகுமா?

முதலில், மின்சாரம் போனாலும் கேஷில் உள்ளதைக் காக்கும் கார்டின் பேட்டரியைப் பாருங்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் சில மாதங்களுக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலையில், சரியாகச் சம்பளம் போடும் நேரத்தில், மென்பொருள் ஒரு பதிவுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். வெளியே தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். மறுநாள் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். டேட்டாபேஸைக் குறை சொன்னார்கள், நெட்வொர்க் சுவிட்சைக்கூட மாற்றினார்கள். கடைசியில் கார்டின் நிகழ்வுப் பட்டியலை எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டபோதுதான் புரிந்தது. பேட்டரி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் லேர்ன் சைக்கிள் அந்த நேரத்தில்தான் ஓடியது. பேட்டரி முழுதும் இறங்கி ஏறும்வரை கார்டு ரைட்-பேக் முறையை விட்டு ரைட்-த்ரூ முறைக்கு மாறிவிடும். அதாவது கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "எழுதியாயிற்று" என்று சொல்லாமல், ஒவ்வொரு பதிவையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே சொல்லும். அந்தச் சோதனையை ஞாயிறு அதிகாலைக்கு மாற்றி வைத்தோம், அதோடு தீர்ந்தது.

"ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0 ஷோ ஆல்" கொடுத்தால் கேஷ் முறையும் பேட்டரி நிலையும் தெரியும். டெல் கார்டுகளுக்கு அதே கருவி பெர்க்சிஎல்ஐ என்ற பெயரில் கிடைக்கும், எச்பிக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ. பேட்டரி செத்துப்போனால் கார்டு நிரந்தரமாக ரைட்-த்ரூவில் நின்றுவிடும். அப்போது வேகத்துக்காக "ஆல்வேஸ் ரைட்-பேக்" என்று கட்டாயப்படுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யுபிஎஸ் கைவிட்டால், கேஷில் இருந்த கணக்குகள், ஏற்கெனவே "எழுதியாயிற்று" என்று டேட்டாபேஸுக்குச் சொல்லப்பட்ட கணக்குகள், காணாமல் போகும். டேட்டாபேஸ் தன் லாக்கை வைத்துக்கூடச் சரிசெய்ய முடியாத சிதைவு அது. புதிய பேட்டரியின் விலை அதன் முன் ஒன்றுமே இல்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாக இருந்தால், ரெய்ட் தொகுதி ஒரு டிஸ்க் இழந்து டிகிரேடட் நிலையில் இருக்கிறதா, அல்லது திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் கட்டளைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் ஷெட்யூலரை எம்க்யூ-டெட்லைன் என்றும் நன் (ஒன்றுமில்லை) என்றும் மாற்றிப் பார்ப்பது அதற்கெல்லாம் பிறகு.

மதியம் ஆனால் கார்டு ரீசெட் ஆகிறது, இரவில் ஆவதில்லை. இது என்ன?

சூடு. இந்தக் கார்டுகளின் சிப்மீது விசிறி இருக்காது, வெறும் ஹீட்சிங்க்தான். சர்வர் பெட்டியின் வேகமான காற்றோட்டத்தை நம்பியே அவை வடிவமைக்கப்பட்டவை. சாதாரண டவர் பெட்டியில் அதைச் செருகி, கதவை மூடி வைத்தால் அது வெந்துகொண்டிருக்கும்.

நூல் மில்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மில்லில் ஸ்பின்னிங் பகுதிக்கு அடுத்த அறையில் சர்வர் இருந்தது. பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினேன். ஹீட்சிங்க்கின் துடுப்புகளுக்கு இடையே பஞ்சு படிந்து படிந்து, கம்பளித் துண்டுபோல ஒரே தகடாக இறுகியிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்ததும் துடுப்புகளின் அச்சு விழுந்த முழுத் துண்டாகவே கையோடு வந்தது. அதை எடுத்த பிறகு ரீசெட் வரவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் புழுதியும் சேரும். ஆகவே சித்திரை முடிவில் ஒருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு ஒருமுறை பெட்டியைத் திறந்து துடைப்பது நல்லது. "ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0 ஷோ டெம்பரேச்சர்" கொடுத்தால் சிப்பின் சூடு தெரியும். காலையிலும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்து எழுதி வைத்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

பழைய சந்தையில் வாங்கிய எஸ்ஏஎஸ் டிஸ்க் தெரிகிறது, ஆனால் அளவு சுழியம் என்கிறது. டிரைவர் பழசா?

லாக்கில் "அன்சப்போர்ட்டடு செக்டர் சைஸ் 520" என்று இருக்கும். பெரிய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் அது. அதன் ஒவ்வொரு செக்டரும் 520 பைட், லினக்ஸ் அந்த அளவை ஏற்பதில்லை, டிரைவரின் குற்றம் அல்ல. "எஸ்ஜி_ஃபார்மட் --ஃபார்மட் --சைஸ்=512" கொடுத்து மாற்றலாம். பல மணி நேரம் ஆகும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது, டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும். எந்த டிஸ்க் என்று சீரியல் எண்ணைப் பார்த்து இரண்டுமுறை உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

பழைய சர்வரிலிருந்து எடுத்த ரெய்ட் கார்டைச் சாதாரண மதர்போர்டில் செருகினால் கணினியே எழவில்லை.

பெர்க் எச்200, எச்310 போன்ற கார்டுகளில் இது தெரிந்த சிக்கல். பிசிஐ விளிம்பில் பி5, பி6 என்ற இரண்டு முனைகள் எஸ்எம்பஸ் இணைப்புக்கானவை, சில மதர்போர்டுகளில் அவை நினைவகச் சோதனையோடு மோதும். அந்த இரண்டு முனைகளின் மீது மட்டும் சிறிய இன்சுலேஷன் டேப்பை ஒட்டிச் செருகினால் எழும். பக்கத்து முனையில் டேப் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு எரிந்துவிட்டது. புதுக் கார்டு போட்டால் "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்று கேட்கிறது. என்ன கொடுப்பது?

ரெய்ட் தொகுதியின் விவரம் கார்டில் மட்டுமின்றி ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கிறது. புதுக் கார்டு அதைக் கண்டு, "இது என்னுடையது அல்ல, ஏற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறது. "ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0/ஃபால் ஷோ" கொடுத்து, எல்லா டிஸ்க்குகளும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாகத் தெரிகின்றனவா என்று பார்த்தபின் இம்போர்ட் கொடுங்கள். "கிளியர்" என்பதைக் கொடுத்தால் அந்த விவரம் அழிந்துவிடும். புதிதாகத் தொகுதி உருவாக்கி இனிஷியலைஸ் கொடுத்தால் தரவே அழிந்துவிடும். நான்கு டிஸ்க்கில் ஒன்று பல நாட்களுக்கு முன்பே வெளியேறியிருந்தால் அதில் இருப்பது பழைய தரவு. அதைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் இம்போர்ட் செய்வதே பாதுகாப்பு. மாற்றுக் கார்டு அதே வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் ரெய்ட் வடிவத்தை இன்னொரு கம்பெனியின் கார்டு பெரும்பாலும் படிக்காது.

நேற்று எஸ்டிஏ, இன்று எஸ்டிபி. டிஸ்க் பெயர் ஏன் மாறுகிறது?

கெர்னல் அந்த வரிசைக்கு உறுதி தருவதே இல்லை. எந்த டிஸ்க் முதலில் விடை தருகிறதோ அதற்கு முதல் எழுத்து. பேக்அப் யுஎஸ்பியைச் செருகிய நிலையில் பூட் செய்தாலே மாறும். /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் "பிஎல்கேஐடி" காட்டும் யுயுஐடியைப் பயன்படுத்துங்கள், பேக்அப் டிஸ்க்குக்கு "நோஃபெயில்" சேர்த்துவிடுங்கள்.

ரெய்ட் கார்டுக்குப் பின்னால் உள்ள டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் வரவில்லையே?

"ஸ்மார்ட்சிடிஎல் -ஏ -டி மெகாரெய்ட்,8 /டெவ்/எஸ்டிஏ" என்று, டிஸ்க்கின் எண்ணைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த எண் ஸ்டோர்சிஎல்ஐ பட்டியலில் டிஐடி என்ற பத்தியில் இருக்கிறது. அது பேயில் ஒட்டிய எண் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல டிஸ்க்கைக் கழற்றியவர்கள் உண்டு. கழற்றுவதற்கு முன் "ஸ்டார்ட் லொகேட்" கட்டளையால் அந்த டிஸ்க்கின் விளக்கை மினுக்கச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்கும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

"சர்வர் ஓடவில்லை" என்ற ஒரு வரி போதாது. எல்எஸ்பிசிஐ -என்என்கே முழு வெளியீடு, கெர்னல் பதிப்பு, கோளாறு தொடங்கிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிலிருந்து வெட்டாத கெர்னல் லாக், ஸ்டோர்சிஎல்ஐ வெளியீடு, ஃபர்ம்வேர் பதிப்பு ஆகியவற்றை அனுப்புங்கள். அதோடு கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கேபிளை எலக்ட்ரீஷியன் தொட்டிருந்தாலும், அறையின் ஏசி நேற்று நின்றிருந்தாலும், அதுவும் வேண்டும். பேக்அப் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். அந்த விடையைப் பொறுத்துத்தான் அடுத்து எவ்வளவு துணிந்து கைவைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.